ஒட்டாத பதினான்கு பொட்டுகள்

பட்டறைக்காரம்மா வந்து வாசலில் நின்றபோது சர்வேயர் ஒரு பழைய ரேடியோவைப் பிரித்து மேசை முழுவதும் பரப்பி வைத்திருந்தார். எதிரில் அவருடைய மச்சினன், பிரித்ததைவிட வேகமாகத் திரும்பப் பூட்டிவிடலாம் என்று ஒரு திருகாணியைத் தவறான துளைக்குள் திணித்துக்கொண்டிருந்தான்.

விபத்தில் நசுங்கிய வண்டிகளைப் பார்த்து, எது எதனால் நசுங்கியது என்று எழுதிக்கொடுப்பதே சர்வேயருக்கு முப்பது வருடத் தொழில். ஓய்வுபெற்று நான்கு வருடமாகியும் சந்தேகம் வந்தால் ஆட்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள். எதைக் கேட்டாலும் “சாவகாசமா பார்ப்போம்” என்பார். அதனால் பட்டறைகளில் அவருக்குச் ‘சாவகாசம்’ என்றே பெயர். மச்சினன் அதற்கு நேர் எதிர். போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். நாற்பத்திரண்டு வயது. “இவன் பொறக்கும்போதே மூணு வாரம் முந்திக்கிட்டு வந்தவன்” என்பாள் அவன் அக்கா. சர்வேயருடைய விசாரணைகளுக்குப் படம் எடுக்கக் கடையைப் பூட்டிவிட்டு ஓடிவந்துவிடுவான்.

பட்டறைக்காரம்மா உட்காரவில்லை. ஐம்பத்தெட்டு வயது இருக்கும். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“என் மக ஆஸ்பத்திரியில கெடக்கிறா, சார். இடுப்பெலும்பு மூணு துண்டு. இனிமே கோல் இல்லாம நடக்கமாட்டான்னு சொல்லிட்டாங்க. ஆனா நான் அதுக்காக வரலை. எங்க வெல்டருக்காக வந்திருக்கேன்.”

சர்வேயர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். எட்டு மாதத்துக்கு முன் மருமகனின் கார் ஒரு சுவரில் உராய்ந்து, ஒரு பக்கம் முழுவதும் வீணாகிப்போனது. அந்தப் பக்கத்தின் வெளித்தகட்டை அம்மாவின் பட்டறையிலேயே மாற்றினார்கள். போன வாரம் ஒரு சந்திப்பில் அதே பக்கத்தில் ஒரு வேன் வந்து மோதியது. பெரிய வேகமில்லை. ஆனால் மாற்றிய தகடு கீழோரத்தில் பிரிந்துகொள்ள, நடுத்தூண் உள்ளே மடங்கி, பின்னிருக்கையில் இருந்த மகளை நசுக்கிவிட்டது.

“மறுநாளே வெல்டர் வந்து, ‘என் தப்புதான் அக்கா, நான் சரியா ஒட்டலை’ன்னு சாவியை மேசை மேல வச்சுட்டுப் போயிட்டாரு. திங்கக்கிழமை விசாரணை. அங்கேயும் இதையே சொல்லப்போறாராம். மாப்பிள்ளை அவரை உள்ள தள்ளாம விடமாட்டேன்னு நிக்கிறாரு.”

“நீங்க நம்பலை.”

“இருபத்திரண்டு வருஷம் சார். அவர் வச்ச ஒட்டு ஒன்னுகூட விட்டதில்லை. அவர் யாரையோ காப்பாத்துறாரு. அது யாருன்னு எனக்குத் தெரியணும். யாரா இருந்தாலும் சொல்லுங்க, நான் தாங்கிக்கிறேன்.”

பைக்குள்ளிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து நீட்டினார். “அந்த வண்டி வேலையோட படங்க. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு கட்டத்துலயும் நானே எடுத்து வச்சிருவேன். எங்க வீட்டுக்காரர் இருந்தப்பவே வந்த பழக்கம்.”

சர்வேயர் கைநீட்டுமுன் மச்சினன் வாங்கிக்கொண்டான்.

*

கார் பட்டறையின் பின்புறத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. பெயிண்டர் வந்து பாயை விலக்கினார். ஒல்லியான மனிதர், வாய் மட்டும் ஓயாது.

“பாருங்க சார், நல்லாப் பாருங்க. எம்மேல எல்லாருக்கும் சந்தேகம். நானும் அவரும் பேசிக்கிறதில்லை பாருங்க, அதான். ஒட்டு விட்டா பெயிண்ட்டா காரணம்? பொடவை கிழிஞ்சா சாயக்காரனையா புடிப்பாங்க?”

சர்வேயர் தரையில் ஒரு சாக்கை விரித்து மண்டியிட்டார். மச்சினனுக்கு எப்போதும்போல விளக்கம் தேவைப்பட்டது.

“இந்தப் பக்கம் முழுசும் ஒரே தகடு, மச்சான். முன்கண்ணாடித் தூண்லேர்ந்து பின்சக்கரம் வரைக்கும். கதவு மாதிரி போல்ட்டுல மாட்டுறது கெடையாது. வண்டியோட உடம்புலேயே வெல்டு பண்ணினது. மாத்தணும்னா பழைய ஒட்டு ஒவ்வொன்னையும் டிரில் போட்டு எடுக்கணும். தகட்டை உரிக்கணும், உள்ளே சுத்தம் பண்ணணும், புதுசை வச்சுக் கவ்வி, கதவைத் தற்காலிகமா மாட்டி இடைவெளி பார்க்கணும். அப்புறம் கதவைக் கழட்டிட்டு இப்படி வரிசையா ஒட்டணும்.”

“இதைத்தான் அவர் பொட்டு வைக்கிறதும்பார்” என்றார் பெயிண்டர். “ரெண்டு செம்பு முனை, இடுக்கி மாதிரி. தகடுங்களை நடுவுல வச்சு அழுத்தி கரெண்டைப் பாய்ச்சினா, அந்த இடம் உருகி ஒன்னாயிரும். வெளியே வட்டமா ஒரு பொட்டு தெரியும்.”

“உள்ளே உருகலைன்னா?” என்று கேட்டான் மச்சினன்.

“அப்பவும் பொட்டு தெரியும். அதான் இதுல இருக்கிற வில்லங்கம்.”

சர்வேயர் கதவுக்குக் கீழே, கால் வைத்து ஏறும் படியோரத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். பிறகு பேனாவால் எண்ணினார். மேலே கூரையோரம் பிரியவில்லை. கீழே படியோரத்தில் மொத்தம் இருபத்திரண்டு பொட்டுகள். முன்னாலிருந்து எட்டு வரை தகட்டைக் கிழித்துக்கொண்டு பிய்ந்திருந்தன. ஒவ்வொரு பொட்டும் மறுபக்கத் தகட்டிலிருந்து ஒரு துண்டைப் பிடுங்கி வைத்திருந்தது.

“இப்படிக் கிழிஞ்சா நல்ல ஒட்டு. தகடு போகும், ஒட்டு போகாது. ஒன்பதாவதைப் பாரு.”

ஒன்பதாவதிலிருந்து இருபத்திரண்டு வரை கிழிசலே இல்லை. வழவழவென்று பதினான்கு வட்டங்கள். இரண்டு காசுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து எடுத்ததுபோல.

“வேற யாரோ வச்சிருக்காங்க மாமா! எட்டு வரைக்கும் வெல்டர், அப்புறம் வேற கை!”

சர்வேயர் தன் கட்டைவிரலை இரண்டு பொட்டுகளுக்கு இடையில் வைத்தார். ஒன்றரை விரல். அடுத்ததும் ஒன்றரை விரல். எட்டுக்கு முன்னும் அதுதான், பின்னும் அதுதான். ஓரத்திலிருந்து விட்ட தூரமும் மயிரிழை மாறவில்லை.

“ஒரே கை. கை மாறலை. வேற என்னமோ மாறியிருக்கு.”

வெல்டரின் மேசைக்கு மேல், சுவரில், ஆணி ஆணியாகத் தகட்டுத் துண்டுகள் தொங்கின. ஒவ்வொரு வண்டியைத் தொடங்குமுன்னும் அதே கனத்துத் துண்டுகளில் ஒரு பொட்டு வைத்து, பிரித்துப் பார்த்து, வண்டி எண்ணை எழுதி மாட்டிவிடுவாராம். இந்தக் காரின் எண் எழுதிய துண்டும் இருந்தது. கிழிசல் அழகாக இருந்தது. ஆக, காலையில் மெஷின் சரியாகவே இருந்திருக்கிறது.

பக்கத்தில் பெயிண்ட் காயவைக்கும் சூட்டறை. அதன் சுவிட்சுக்கு ஒரு முழ நீளக் கைப்பிடி. பச்சை வண்ணம் அடித்த அந்தக் கைப்பிடி நடுவில் மட்டும் தேய்ந்து எண்ணெய்க் கறுப்பாக இருந்தது. சர்வேயர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அது அவரோட கையுறை மாட்டுற இடம்” என்றார் பெயிண்டர். “பொட்டு வைக்கும்போது இடது கை உறையைக் கழட்டி இதுல மாட்டிருவார். ‘என் கை இங்க இருக்கு, எவனும் தொடாதே’ன்னு அர்த்தம். நம்ம பட்டறைக்கு ஒரே கரெண்ட் லைன். சூட்டறையைப் போட்டா பல்பெல்லாம் மங்கும். ஒருநாள் நான் உறையைத் தள்ளிட்டுப் போட்டுட்டேன். அன்னிக்குத்தான் எங்க பேச்சுவார்த்தை நின்னுச்சு. ஏழு வருஷமாச்சு.”

“இந்தக் காருக்கு ஒட்டு வச்ச அன்னிக்கு நீங்க போட்டீங்களா?”

“நான் எங்க சார் போட்டேன்! காலையில அந்தக் காரோட கதவு ரெண்டுக்கும் பெயிண்ட் அடிச்சேன். பல்லு வலி உயிர் போச்சு. அவர் பொட்டு வைக்கிறார், கதவு காத்துலயே காயட்டும்னு சொல்லிட்டுப் பன்னெண்டு மணிக்கே கெளம்பிட்டேன். ரெண்டு கடைவாய்ப்பல்லு.” வாயைத் திறந்து காட்டவும் காட்டினார்.

சூட்டறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் கயிற்றில் தொங்கியது. யார் சுவிட்சைப் போட்டாலும் தேதி, நேரம், பொருள், கையெழுத்து எழுத வேண்டும். எட்டு மாதத்துக்கு முந்தைய பக்கங்களைப் புரட்டினார் சர்வேயர். அந்தத் தேதிக்குரிய பக்கம் இல்லை.

“கிழிச்சிருக்காங்க!” என்று துள்ளினான் மச்சினன்.

மற்ற தாள்களின் ஓரமெல்லாம் பெயிண்ட் தூசு படிந்து மஞ்சளாகியிருந்தது. கிழிந்த அடிக்கட்டை மட்டும் வெள்ளையாக இருந்தது.

“எட்டு மாசத்துக்கு முன்னாடி கிழிக்கலை” என்றார் சர்வேயர். “இந்த வாரம் கிழிச்சது.”

*

வெல்டர் வீட்டில் இரண்டு அறை. அவர் முன்னறையில் நாற்காலி நுனியில், யாரோ வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவர்போல உட்கார்ந்திருந்தார். வேலைக்குப் போகாத ஆறு நாள் அவரை அப்படி ஆக்கியிருந்தது.

“எழுதிக்கோங்க சார். என் தப்புதான். வேற ஒன்னும் சொல்றதுக்கில்லை.”

“எட்டுப் பொட்டு நல்லா இருக்கே?”

“எட்டு நல்லா வந்தா மீதி மோசமா வரக்கூடாதா?”

“எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவுல என்ன பண்ணீங்க?”

அவர் தயங்கினார். “சாப்பிட்டேன்.”

சர்வேயர் அவர் கைகளைப் பார்த்தார். வலது கை சுத்தமாக இருந்தது. இடது கையில் மணிக்கட்டு வரை கடுகு தெளித்ததுபோல் பழைய தீப்பொறித் தழும்புகள். “இடது கைக்கு உறை போடமாட்டீங்களோ?”

“தொலைஞ்சுபோச்சு.”

“இருபத்திரண்டு வருஷமாவா?”

வெல்டர் இடது கையை மெல்ல வலது கைக்கு அடியில் ஒளித்துக்கொண்டார். பிறகு, யாரிடமும் சொல்லாததுபோல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அந்தப் பொண்ணு சின்னதா இருக்கிறப்ப என் மேசை மேலதான் உட்கார்ந்து பாடம் எழுதும். விட்டுருங்க சார். யாரோ ஒருத்தர் தப்புன்னு ஆகணும்ல? அது நானா இருந்துட்டுப் போறேன்.”

இருவரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். மச்சினனால் அடக்க முடியவில்லை.

“சூட்டறையைப் போட்டவனைப் புடிச்சா கதை முடிஞ்சுது. இல்ல மாமா?”

“முடிஞ்சுது. அதான் யோசனையா இருக்கு.” நின்றார். “அந்தக் கோப்புல சூட்டறைக்குள்ள எடுத்த படம் ஏதாவது இருக்கான்னு பாரு. இருந்தா பெருசு பண்ணி எங்கிட்ட மட்டும் கொண்டுவா. வேற யார்கிட்டயும் காட்டாதே. எனக்கு நாளைக்கு அந்தம்மாகிட்ட பத்து நிமிஷம் தனியாப் பேசணும்.”

“எதுக்குத் தனியா?”

“சாவகாசமா சொல்றேன்.”

*

ஞாயிறு மதியம் எல்லோரும் பட்டறை அலுவலகத்தில் கூடினார்கள். மூன்று மணிக்குத்தான் மற்றவர்களை வரச்சொல்லியிருந்தார் சர்வேயர். ஆனால் மருமகன் இரண்டரைக்கே வெல்டரைக் கையோடு அழைத்துவந்துவிட்டான். பெயிண்டரும் வேடிக்கையைத் தவறவிடக் கூடாதென்று முன்னதாகவே வந்து சன்னலோரம் இடம் பிடித்திருந்தார். தனியாகப் பேச வேண்டிய பத்து நிமிடம் அப்படியே போயிற்று.

“இவர்தான் ஒத்துக்கிட்டாரே! இன்னும் என்ன விசாரணை?” என்றான் மருமகன். ஒரு வாரமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் தூங்கியவனின் முகம்.

“கொஞ்சம் உட்காருங்க தம்பி. வெல்டர் அன்னிக்குக் காலையில சோதனைப் பொட்டு வச்சார். சரியா வந்துச்சு. மேலே கூரையோரம் முடிச்சார். கீழே எட்டு முடிச்சார். கையுறையைச் சூட்டறை சுவிட்சுல மாட்டிட்டு, சாப்பிடப் போனார். திரும்பி வந்து மீதிப் பதினாலை வச்சார். கை அதே கை. கரெண்ட் மட்டும் அதே கரெண்ட் இல்லை. அந்த நேரத்துல சூட்டறை ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“அப்போ போட்டது யாரு?” மருமகன் பெயிண்டர் பக்கம் திரும்பினான்.

“எனக்குப் பல்லு!” என்று அலறினார் பெயிண்டர்.

“அவர் இல்லை” என்றார் சர்வேயர். “சுவிட்சைப் போட்டவர் கெட்ட எண்ணத்தோட போடலை. வெல்டர் வேலையை முடிச்சுட்டுச் சாப்பிடப் போயிட்டார், உறையை எடுக்க மறந்துட்டார்னு நெனச்சிருக்கார். உறையை எடுத்து ஓரமா வச்சிருக்கார். அது யாருங்கிறதை நான் அம்மாகிட்ட தனியா…”

கதவு படாரென்று திறந்தது. மச்சினன் மூச்சிரைக்க உள்ளே வந்தான். கையில் சுருட்டிய பெரிய படம்.

பாதி இரவு உட்கார்ந்து அலசியிருந்தான். நூற்றுப் பத்துப் படங்களில் ஒன்று. சூட்டறைக்குள் தொங்கும் இரண்டு கதவுகள், மேலே எரியும் சிவப்பு விளக்கு, ஓரத்தில் தேதியும் மணி ஒன்று இருபதும். ஈரப் பெயிண்ட் கண்ணாடிபோலப் பளபளத்தது. அந்தப் பளபளப்பில் வளைந்து நெளிந்து ஓர் உருவம். முகத்தை மறைத்துக்கொண்டு ஏதோ கறுப்பாக. மறுகையில், சந்தேகமே இல்லை, ஐந்து விரலும் தொங்கும் தோல் கையுறை. தன் வாழ்நாளில் இப்படி ஒரு துப்பு அவனுக்குக் கிடைத்ததில்லை. சர்வேயர் சொன்ன வார்த்தை அந்தச் சந்தோஷத்தில் எங்கேயோ பறந்துபோயிற்று.

“மாமா, கெடைச்சுருச்சு! இதோ கையுறை!” படத்தை மேசையில் விரித்து நான்கு மூலையிலும் கையால் அழுத்தினான். “இதைக் கையில வச்சிருக்கிற ஆள் யாருன்னு கண்டுபிடிச்சாப் போதும்! முகம்தான் தெரியலை, ஏதோ மறைக்குது…”

“மச்சான்” என்றார் சர்வேயர்.

அந்தக் குரலை அவன் அதற்குமுன் கேட்டதில்லை. நிமிர்ந்தான். யாரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை; பட்டறைக்காரம்மாவைத்தான் பார்த்தார்கள். அப்போதுதான், இருபது வருடம் கேமராவோடு பிழைத்தவனுக்கு, எல்லோருக்கும் கடைசியாகப் புரிந்தது. அந்த முகத்தை மறைத்தது ஒரு கேமரா. பளபளப்பில் படம் எடுத்தவரைத் தவிர வேறு யார் தெரிவார்கள்?

பட்டறைக்காரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வெல்டர் எழுந்து படத்தின் மேல் கையை வைத்தார். “அதைப் பார்க்காதீங்க அக்கா.”

“கையை எடுங்க தம்பி.”

அவர் எடுக்கவில்லை. அம்மாவே அந்தத் தழும்புக் கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். வெகுநேரம் பார்த்தார்.

“என் சேலைதான்” என்றார். “ஞாபகம் வருது. மறுநாள் காலையில அவளுக்குப் புது வேலையில சேரணும். கார்லதான் போவேன்னு அடம்புடிச்சா. மாப்பிள்ளை மூணு தடவை போன் பண்ணாரு. கதவு மட்டும் சீக்கிரம் காஞ்சா சாயந்திரமே கொடுத்துரலாம், தகட்டுக்குப் பெயிண்ட் அப்புறம் அடிச்சுக்கலாம்னு… மெஷின் சத்தம் கேட்கலை. தம்பி உறையை மறந்துட்டாரேன்னு தூசி தட்டி மேசையில வச்சேன்.”

மருமகன் தரையைப் பார்த்தான்.

“மறக்கலை அக்கா” என்றார் வெல்டர். “பாதியிலதான் போனேன். ஆனா நான் சொன்னதும் பொய் இல்லை. வந்ததும் சுவிட்சைப் பார்க்கலை. சாயந்திரம் உறை மேசையில இருந்துச்சு. நான் வைக்கலைன்னு எனக்குத் தெரியும். அப்பவே கேட்டிருக்கணும். ஒரே ஒரு கேள்வி. ஆனா அடியில ஓரமெல்லாம் பூசி மூடியாச்சு. நீங்க வாசல்ல நின்னு, பொண்ணு வர்றா, வர்றான்னு சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. திரும்பப் பிரிக்கணும்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவ்வளவு ஒன்னும் ஆகியிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். எட்டு மாசம் அந்தக் கார் தெருவுல போறப்பெல்லாம் நெனச்சேன்.”

“நோட்டுலேர்ந்து கிழிச்ச அந்தத் தாள்?” என்று கேட்டார் சர்வேயர்.

வெல்டர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். “ஒரு வாரமா வச்சிருக்கேன். எரிக்க மனசு வரலை.”

அம்மா பிரித்துப் பார்த்தார். அந்தத் தேதியில், மற்றவர்கள் எழுதும்போதெல்லாம் அவர் திட்டுகிற அதே அவசரக் கிறுக்கலில், அவருடைய எழுத்து: மணி ஒன்று பத்து. கதவு இரண்டு. கையெழுத்துப் போட மறந்திருந்தார்.

“திங்கக்கிழமை ரெண்டு பேர் சொன்னதையும் நான் எழுதிக் கொடுக்கிறேன்” என்றார் சர்வேயர் தணிந்த குரலில். “ஒருத்தர் தலையில முழுசா விழாது. ஆனா இதை நான் உங்ககிட்ட இப்படிச் சொல்ல நெனைக்கலை, அம்மா.”

“எப்படிச் சொன்னாலும் இதுதானே சார்.” அவர் மேசையைத் தடவிப் பேனாவை எடுத்தார். எட்டு மாதம் காலியாக இருந்த இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். தாளை நோட்டுக்குள் பழைய இடத்தில் செருகினார். பிறகு மச்சினனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

“இதுல இன்னொரு பிரதி இருக்கா தம்பி?”

“இல்லம்மா. கிழிச்சுரவா? நான்… யாருன்னு பார்க்காம…”

“கிழிக்காதீங்க. சுருட்டிக் கொடுங்க. ஆறு மணி வரைக்கும் ஆஸ்பத்திரியில பார்க்க விடுவாங்க. என் மககிட்ட நான்தான் காட்டணும்.”

அவன் சுருட்டினான். படம் இரண்டு தடவை விரிந்துகொண்டது. அவர் காத்திருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே மருமகனும், இரண்டடி தள்ளி வெல்டரும் போனார்கள். வாசலில் அம்மா நின்று வெல்டரிடம் திரும்பி, “நீங்களும் வாங்க தம்பி, அவ உங்களைத்தான் கேட்டுக்கிட்டிருக்கா” என்றது கேட்டது.

அலுவலகத்தில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். பெயிண்டரும் போயிருந்தார். மச்சினன் திட்டு விழும் என்று எதிர்பார்த்து நின்றான். சர்வேயர் திட்டவில்லை. வெளியே சூட்டறை சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்று, வெல்டரின் மேசையில் கிடந்த தோல் கையுறையை எடுத்துத் தேய்ந்த இடத்தில் மாட்டினார்.

“மாமா, விசாரணைக்கு அந்தச் சுவிட்சை ஒரு படம் வேணும்னு சொன்னீங்களே” என்றான் அவன் கடைசியில்.

“ஆமா. எடு.”

கேமராவைத் தூக்கினான். கையுறை ஐந்து விரலையும் விரித்துத் தொங்கியது. எப்போதும் ஒரே நொடியில் அழுத்திவிடுகிற விரல், அன்றைக்கு வெகுநேரம் அப்படியே நின்றது.